உறங்கும் உட்பகை: குருத்தணு மாற்றத்திற்குப் பின் வரும் வைரஸ் நோய்கள்

முன்னுரை

பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல் என்று பகையின் இயல்பை விரித்துரைத்த திருவள்ளுவர், அவற்றை அடுத்து உட்பகைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். வெளியே நின்று எதிர்ப்பவனைக் காட்டிலும் உள்ளே இருந்து காலம் பார்ப்பவனே அஞ்சத் தக்கவன் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அரசுக்கும் குடும்பத்திற்கும் சொல்லப்பட்ட இவ்வுண்மை, இன்றைய மருத்துவ அறிவியலின் ஒரு துறைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரத்தப் புற்றுநோய், தலசீமியா, எலும்பு மஜ்ஜைச் செயலிழப்பு முதலிய கொடிய நோய்களுக்கு ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களை மாற்றிப் பொருத்துதல் இன்று உயிர்காக்கும் சிகிச்சையாக விளங்குகிறது. புதிய அணுக்கள் வேர்பிடித்துவிட்டன என்று மருத்துவர் கூறியதும், துன்பம் தீர்ந்தது என்று குடும்பத்தார் மனம் ஆறுகின்றனர். ஆயின் வைரஸ்களால் விளையும் இடர் அதன் பின்னரும் பல திங்கள் தொடர்கிறது. அவ்வைரஸ்களுட் பல வெளியிலிருந்து புதிதாக வருபவை அல்ல. ஆண்டாண்டுக் காலமாக நோயாளியின் உடம்பிலேயே உறங்கிக் கிடந்தவை. நோயாளி நலமாகத் தோன்றும்போதே அவற்றைத் தேடிக் கண்டறிதல் வேண்டும். நோய் வெளிப்பட்ட பின்னர்த் தேடுவது பல வேளைகளில் காலங்கடந்த செயலாகிவிடும். இவ்வொரு செய்தியை இயன்றவரை எளிதாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருத்தணு மாற்றம் என்பது யாது?

நம் எலும்புகளின் உள்ளீடாக அமைந்த மஜ்ஜையில் குருத்தணுக்கள் உள்ளன. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூவகை இரத்த அணுக்களும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் நிணவணுக்களின் பிறப்பிடமும் இதுவே. இக்குருத்தணுக்களே நோயுற்றாலோ குறைந்து போனாலோ, பிறர் ஒருவரின் நலமான குருத்தணுக்களைப் பெற்று நோயாளியின் இரத்த நாளத்தில் செலுத்துகின்றனர். அவை தாமே வழி தேடி மஜ்ஜையைச் சென்றடைந்து, அங்கே குடியேறி, புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன. நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களையே முன்னதாக எடுத்துச் சேமித்து, கடுமையான மருந்துச் சிகிச்சைக்குப் பின் திரும்பச் செலுத்தும் முறையும் உண்டு. எனினும் பிறரிடமிருந்து பெறும் முறையிலேயே வைரஸ் நோய்களின் இடர் மிகுதி.

இம்முறைக்கு வழி வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் டொன்னல் தாமஸ். அவர் 1957 ஆம் ஆண்டு ஆறு நோயாளருக்கு மஜ்ஜை செலுத்திய செய்தியை வெளியிட்டார். அவர்களுள் ஒருவரும் நூறு நாள்களைக் கடந்து வாழவில்லை. இத்தோல்வியால் பலர் இம்முயற்சியைக் கைவிட்ட காலத்தும் அவர் விடாது உழைத்தார். பின்னர் சியாட்டில் நகரில் அவரும் அவர்தம் குழுவினரும் ஆற்றிய பணியால் இச்சிகிச்சை நிலைபெற்றது. 1990 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு, சிறுநீரக மாற்றத்தின் முன்னோடியாகிய ஜோசப் மரேயுடன் சேர்த்து அவருக்கு வழங்கப்பெற்றது. இந்தியாவில் 1983 ஆம் ஆண்டு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986 ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கியது.

காவல் இல்லாத கோட்டை

புதிய குருத்தணுக்களைச் செலுத்துவதற்கு முன் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழித்தாக வேண்டும். வீரியமிக்க மருந்துகளும், சில வேளைகளில் உடல் முழுமைக்கும் செலுத்தப்படும் கதிர்வீச்சும் இதற்குப் பயன்படுகின்றன. நோயுற்ற அணுக்களோடு, பிறந்தது முதல் சேர்த்து வைத்த எதிர்ப்பாற்றலும் அழிந்துபோகிறது. குழந்தைப் பருவத்தில் இட்ட தடுப்பூசிகளின் பயனும் பெரும்பாலும் அற்றுப்போகிறது.

புதிய அணுக்கள் வேர்பிடிக்க ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அப்போது வெள்ளணுக்களின் எண்ணிக்கை உயர்வதைக் கண்டு மகிழ்கிறோம். ஆயின் அவ்வாறு முதலில் உயர்பவை பாக்டீரியாக்களை விழுங்கும் அணுக்களே. வைரஸ் புகுந்த அணுக்களை அடையாளங்கண்டு அழிக்கும் 'டி' நிணவணுக்கள் முழுமையாகத் திரும்புவதற்குப் பல திங்கள், சிலருக்கு ஓராண்டிற்கு மேலும் ஆகும். ஆகவே இரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருப்பினும், வைரஸைப் பொறுத்தவரை கோட்டையில் காவல் இல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இன்னும் ஓர் இடரும் உண்டு. புதிதாகக் குடியேறிய நிணவணுக்கள் தாம் வந்து சேர்ந்த உடம்பையே அயலாகக் கருதித் தோல், குடல், ஈரல் ஆகியவற்றைத் தாக்குவதுண்டு. இதனை அடக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுக்கின்றனர். அம்மருந்துகள் கூடக்கூட வைரஸ்களுக்கு வாயில் திறக்கிறது. ஒன்றைக் காக்க மற்றொன்றைத் தளர்த்த வேண்டிய இந்த இக்கட்டே இத்துறை மருத்துவரின் அன்றாடப் போராட்டம் எனலாம்.

உறங்குபவை எவை?

மனிதரைப் பற்றும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒரு முறை உடம்பிற்குள் புகுந்தால் அவை வாழ்நாள் முழுவதும் வெளியேறுவதில்லை. சின்னம்மை குணமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கியிருக்கிறது. முதுமையிலோ உடல் தளர்ச்சியிலோ அதுவே அக்கியாக வெளிப்படுகிறது. வாயோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸும் நரம்பு முடிச்சிலேயே உறங்குகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் 'பி' நிணவணுக்களிலும், சைட்டோமெகலோ வைரஸ் மஜ்ஜையின் இளம் அணுக்களிலும் ஒளிந்து கிடக்கின்றன. நலமுள்ள உடம்பில் நிணவணுக்கள் இவற்றை ஓயாது அடக்கி வைக்கின்றன. அக்காவல் நீங்கியதும் இவை விழித்தெழுகின்றன.

இவை விழிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் திங்களில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் எழுந்து வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். இரண்டாம் திங்கள் தொடங்கி நூறாம் நாள் வரை சைட்டோமெகலோ வைரஸின் காலம். அதற்குப் பின்னர் அக்கியின் காலம். தடுப்பு மருந்து கொடாத நாள்களில் நோயாளருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அக்கி கண்டது. சிலருக்குத் தோலில் கொப்புளம் தோன்றுமுன்பே கடுமையான வயிற்றுவலி வரும். வயிற்றுக் கோளாறு என்று கருதி நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்தாகும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸையும் அக்கியையும் இன்று பெருமளவு தடுத்து நிறுத்தியுள்ள மருந்து அசைக்ளோவிர். இதனை உருவாக்கிய ஆய்வுக்குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையார் 1988 ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1981 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் மஜ்ஜை மாற்றம் பெற்ற இருபது பேரைப் பிரித்துப் பத்துப் பேருக்கு இம்மருந்தும், பத்துப் பேருக்கு மருந்தில்லாத போலியும் கொடுத்தனர். போலியைப் பெற்றவருள் எழுவருக்கு ஹெர்பிஸ் புண்கள் தோன்றின; மருந்து பெற்றவருள் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதன் பின்னர், வைரஸ் விழிக்கும்வரை காத்திராமல் முன்னரே மருந்து கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது.

டேவிட் வெட்டர் கற்பித்த பாடம்

உட்பகையின் இயல்பை உலகிற்கு உணர்த்திய வரலாறு ஒன்றை இங்கே குறிப்பிடுதல் தகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971 ஆம் ஆண்டு பிறந்த டேவிட் வெட்டர் என்னும் சிறுவன், நோய் எதிர்ப்பாற்றல் அறவே இல்லாத பிறவிக் குறையுடையவன். பிறந்த கணமே அவனைக் கிருமிகள் நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்திற்குள் வைத்தனர். உணவும் உடையும் விளையாட்டுப் பொருளும் கிருமி நீக்கிய பின்னரே உள்ளே சென்றன. கூடாரத்தோடு பொருத்திய கையுறைகளின் வழியாக மட்டுமே பெற்றோர் அவனைத் தொட முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் வெளியுலகின் கிருமிகளிலிருந்து அவன் அவ்வாறு காக்கப்பட்டான்.

1983 ஆம் ஆண்டு அக்டோபரில் அவனுடைய சகோதரியின் மஜ்ஜை அவனுக்குச் செலுத்தப்பட்டது. சில திங்களில் காய்ச்சலும் வாந்தியும் குடலில் இரத்தக் கசிவும் தொடங்கின. 1984 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22 ஆம் நாள் அவன் உயிர் நீத்தான். காரணத்தை ஆராய்ந்தபோது, சகோதரியின் மஜ்ஜையில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உறங்கியிருந்தது தெரியவந்தது. சகோதரிக்கு அது யாதொரு தீங்கும் செய்யவில்லை. தடுப்பார் இல்லாத டேவிட்டின் உடம்பில் அது 'பி' நிணவணுக்களைக் கட்டின்றிப் பெருகச் செய்து, பல உறுப்புகளில் கட்டிகளாக வளர்ந்துவிட்டது.

காற்றும் நீரும் கிருமி நீக்கப்பட்டன. அன்போடு வழங்கிய கொடையின் உள்ளே மறைந்து வந்ததை அறிய அன்று வழியில்லை. வைரஸ் புற்றினை விளைவிக்கக் கூடும் என்பதையும், புறத்தூய்மை ஒன்று மட்டும் போதாது என்பதையும் அச்சிறுவனின் வாழ்வும் மறைவும் மருத்துவ உலகிற்குத் தெளிவாக்கின. கொடையாளர், நோயாளி ஆகிய இருவரின் இரத்தத்திலும் எவ்வெவ் வைரஸ்கள் உறங்குகின்றன என்று சிகிச்சைக்கு முன்னரே சோதித்தறிவது இன்று நீங்காத விதியாக உள்ளது.

சைட்டோமெகலோ வைரஸ்

சிகிச்சைக்குப் பின் வரும் வைரஸ் நோய்களுள் மிகுதியாக ஆராயப்பட்டதும் மிகுதியாக அஞ்சப்பட்டதும் சைட்டோமெகலோ வைரஸே. தான் புகுந்த அணுவை ஊதிப் பெருக்கச் செய்வதால் 'பேரணு' எனப் பொருள்படும் இப்பெயர் அதற்கு அமைந்தது. நுண்ணோக்கியில் அவ்வணு ஆந்தையின் கண்போலத் தோற்றமளிக்கும். இந்தியா போன்ற நாடுகளில் பெரியவருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இவ்வைரஸைத் தாங்கியவரே. பெரும்பாலும் இளமையிலேயே, ஒரு சாதாரணக் காய்ச்சலாகவோ அதுவும் இன்றியோ, அது உட்புகுந்து தங்கிவிடுகிறது.

நுரையீரலைப் பற்றினால் இது கொடிய நிமோனியாவாகும். 1980 களின் நடுப்பகுதி வரை அவ்வாறு நிமோனியா கண்டவருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மாண்டனர். கான்சைக்ளோவிர் என்னும் மருந்தையும், கொடையாளர் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்ததாகச் சியாட்டில் மருத்துவர்கள் 1988 ஆம் ஆண்டு தெரிவித்தனர். இது பெரும் முன்னேற்றமே. எனினும் மீதிப்பேர் மாண்டனர் என்பதும் உண்மை. நிமோனியா வந்தபின் சிகிச்சை செய்வது, வெள்ளம் ஊருக்குள் புகுந்த பின் கரை கட்டுவதை ஒத்தது என்பதை மருத்துவர்கள் உணர்ந்தனர்.

1991 ஆம் ஆண்டு அதே நகரிலிருந்து வெளியான ஆய்வு இத்துறையின் போக்கையே மாற்றியது. நோய்க்குறி யாதும் இல்லாத, ஆயின் சோதனையில் வைரஸ் தென்பட்ட 72 நோயாளரை இரு பிரிவாக்கினர். 37 பேருக்குக் கான்சைக்ளோவிர் கொடுத்தனர். 35 பேருக்குப் போலி மருந்து கொடுத்தனர். நூறு நாள்களுக்குள் போலி பெற்ற 35 பேருள் 15 பேருக்கு நோய் வெளிப்பட்டது. மருந்து பெற்ற 37 பேருள் ஒருவருக்கு மட்டுமே வெளிப்பட்டது. உடம்பில் துன்பம் ஏதும் தோன்றாதபோதே சோதித்து, வைரஸ் கண்டவருக்கு உடனே மருந்தளித்தல் என்னும் நெறி இங்ஙனம் நிலைபெற்றது.

அனைவருக்கும் முன்கூட்டியே கான்சைக்ளோவிரைக் கொடுத்தால் என்ன என்று வினவலாம். இம்மருந்து வைரஸை அடக்கும்போதே, அரும்பாடுபட்டு வேர்பிடித்த புதிய மஜ்ஜையையும் நலிவுறச் செய்யும். வேண்டியவருக்கு மட்டும், வேண்டிய நாளில் கொடுப்பதே முறையாயிற்று. அதனால்தான் வாரந்தோறும் இரத்தத்தில் இவ்வைரஸின் மரபுப்பொருளை அளந்தறியும் பி.சி.ஆர். சோதனை, குறைந்தது நூறு நாள்கள் வரை செய்யப்படுகிறது. மஜ்ஜையை நலிவிக்காத லெட்டர்மோவிர் என்னும் தடுப்பு மருந்து 2017 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான ஆய்வில், இருபத்து நான்கு வாரங்களுக்குள் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வைரஸ் எழுந்தவர் போலி மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 60.6, லெட்டர்மோவிர் பிரிவில் 37.5.

கொடையாளரின் நினைவாற்றல்

இங்கே சிந்திக்கத் தக்க நுட்பம் ஒன்றுண்டு. சிறுநீரக மாற்றத்தில், வைரஸ் இல்லாத நோயாளிக்கு வைரஸ் உள்ளவரின் சிறுநீரகத்தைப் பொருத்துவதே பேரிடராகும். ஏனெனில் புதிய பகை உறுப்போடு உள்ளே வருகிறது. குருத்தணு மாற்றத்திலோ நிலைமை தலைகீழானது. நோயாளியிடம் வைரஸ் இருந்து, கொடையாளரிடம் அது இல்லாதபோதே இடர் மிகுதி.

காரணம் எளிதே. சிறுநீரகம் பெற்றவரின் எதிர்ப்பாற்றல் அவருடையதாகவே இருக்கிறது. குருத்தணு பெற்றவரின் எதிர்ப்பாற்றலோ கொடையாளரிடமிருந்து வருவது. கொடையாளரின் நிணவணுக்கள் அவ்வைரஸை முன்னரே எதிர்கொண்டு பழகியிருப்பின், அந்நினைவும் உடன் வருகிறது. எதிர்கொண்டிராதவையாயின், பகையின் முகமறியாத புதுக் காவலரைப் போல அவை திகைத்து நிற்கின்றன. நம் நாட்டில் பெரியவராகிய நோயாளரும் கொடையாளரும் பெரும்பாலும் இருவருமே இவ்வைரஸைத் தாங்கியவர். மேலைநாடுகளில் செய்வது போல வைரஸ் இல்லாதவரின் இரத்தத்தையே தேடிச் செலுத்துவது இங்கு எளிதன்று. ஆகவே செலுத்தும் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை வடிகட்டி நீக்குவதும், வாரந்தோறும் சோதிப்பதுமே இங்குத் தக்க காவல்களாகும்.

பிற உட்பகைகள்

சைட்டோமெகலோ வைரஸ் ஒன்றே பகை என்று எண்ணிவிடலாகாது. 1971 ஆம் ஆண்டு சிறுநீரக மாற்றம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்டறியப்பட்ட பி.கே. வைரஸ், நம்மில் பெரும்பாலோரின் சிறுநீர்ப் பாதையில் தீங்கின்றி உறங்குவது. குருத்தணு மாற்றத்திற்குப் பின் அது சிறுநீர்ப்பையை அழற்சியுறச் செய்து, இரத்தம் கலந்த சிறுநீரும் தாங்கொணா வலியும் உண்டாக்கும். ஆறாம் மனித ஹெர்பிஸ் வைரஸ் சிலருக்கு மூளையைத் தாக்கி, அண்மையில் நிகழ்ந்தவற்றை மறக்கச் செய்யும். நோயாளி திடீரெனத் தடுமாறிப் பேசினால் அதனை மருந்து மயக்கம் என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். அடினோ வைரஸ், குறிப்பாகச் சிறுவர்க்கு, குடலையும் ஈரலையும் தாக்கும்.

மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இவ்வகையினதே. முன்னொரு காலத்தில் வந்து முற்றிலும் குணமாகிவிட்டதாகக் கருதிய ஒருவருக்கும், எதிர்ப்பாற்றல் அழிந்த பின் அது மீண்டும் எழக்கூடும். எனவே இளமையில் காமாலை கண்டதுண்டா என்று மருத்துவர் வினவினால், பழைய கதை என்று மறைக்காது கூறுதல் நன்று. எண்டெகாவிர் போன்ற மருந்துகளால் அதனை முன்னரே தடுத்துவிட இயலும்.

வெளிப்பகை

உட்பகையைப் பேசியதனால் வெளிப்பகையை மறந்துவிடலாகாது. நமக்கு மூன்று நாள் மூக்கொழுகலாகப் போய்விடும் ஆர்.எஸ்.வி., பாராஇன்ஃபுளுயன்சா, இன்ஃபுளுயன்சா ஆகிய வைரஸ்கள், குருத்தணு மாற்றம் பெற்றவரின் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகலாம். கோவிட் பெருந்தொற்றின்போது இவ்வுண்மை துயரத்துடன் மெய்ப்பட்டது. குருத்தணு மாற்றம் பெற்றபின் கோவிட் கண்ட 318 பேரைப் பற்றி 2021 ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, ஏறத்தாழ மூவரில் ஒருவர் முப்பது நாள்களுக்குள் இறந்தனர். அது தடுப்பூசி பரவுமுன் இருந்த நிலை. எனினும் இந்நோயாளரின் நிலை எத்தகையது என்பதை அது காட்டுகிறது.

எதிர்ப்பாற்றலே மருந்தாதல்

மருந்துகள் வைரஸை அடக்குமேயன்றி, உறங்கும் வைரஸை உடம்பிலிருந்து வேரோடு களைவதில்லை. இறுதியில் அதனைக் காவலில் வைக்க வல்லவை நிணவணுக்களே. அவ்வாறாயின் அந்நிணவணுக்களையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று அறிஞர்கள் எண்ணினர். சியாட்டிலில் கொடையாளரின் இரத்தத்திலிருந்து, சைட்டோமெகலோ வைரஸை அடையாளங்காணும் 'டி' நிணவணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, பதினான்கு நோயாளருக்குச் செலுத்தினர். அவர்களுள் எவருக்கும் அவ்வைரஸ் இரத்தத்தில் எழவில்லை என 1995 ஆம் ஆண்டு வெளியான கட்டுரை தெரிவித்தது. அதே ஆண்டில் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை அறிஞர்கள் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிராக இம்முறையைக் கையாண்ட செய்தியை வெளியிட்டனர்.

டேவிட் வெட்டரை மாய்த்த அதே வைரஸ் விளைவிக்கும் நிணவணுப் பெருக்க நோய்க்கு, 'பி' நிணவணுக்களை ஒழிக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து இன்று முதற்சிகிச்சையாக உள்ளது. அதற்கும் கட்டுப்படாதவருக்கு, முன்பின் அறியாத கொடையாளரிடமிருந்து பெற்று முன்னரே ஆயத்தமாக வைத்துள்ள நிணவணு மருந்தினை 2022 ஆம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது. அச்சிறுவனின் மறைவுக்கும் இதற்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள்.

நம் கடமை

இவையெல்லாம் மருத்துவர்க்குரியவை, நமக்கு இதில் என்ன பங்கு என்று ஒதுங்கிவிடுதல் தகாது. நோயாளியின் உயிர் மருத்துவமனைக்குள் எவ்வளவு காக்கப்படுகிறதோ அவ்வளவு வீட்டிலும் ஊரிலும் காக்கப்பட வேண்டும்.

முதலாவது, நோயாளி வீடு திரும்பியதைச் சிகிச்சையின் முடிவாகக் கருதலாகாது. நன்றாக உண்கிறார், நடமாடுகிறார், பிறகு ஏன் வாரந்தோறும் நெடுந்தொலைவு பயணம் செய்து, செலவு செய்து இரத்தம் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆயின் மேலே கூறிய 72 பேரும் நலமாகத் தோன்றியவரே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நலமாக இருக்கும் நாளில் செய்யும் சோதனைதான் உயிர் காக்கும் சோதனை. உறவினரும் ஊராரும் பொருளுதவி செய்ய விரும்பினால், அறுவைக்கூடத்துச் செலவு போலக் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாத இச்சோதனைச் செலவையும் பயணச் செலவையும் ஏற்பது பேருதவியாகும்.

இரண்டாவது, நோயுற்றோரைச் சென்று விசாரித்தல் எல்லாச் சமயத்தாரும் போற்றும் அறம். ஆயின் இந்நோயாளர் பொருட்டு அவ்வறத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும். சளி, இருமல், காய்ச்சல், கண்வலி, அம்மை, அக்கி ஆகியவற்றுள் ஒன்று தமக்கோ தம் வீட்டிலுள்ளோர்க்கோ இருப்பின் அவரைக் காணச் செல்லாதிருத்தலே அன்பின் அடையாளம். நலமாயிருப்போரும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்து, கூட்டமாகச் செல்லாமல் ஒருவர் இருவராகச் சென்று விரைந்து திரும்புதல் வேண்டும்.

மூன்றாவது, வீட்டிலுள்ளோர் அனைவரும் ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி இட்டுக்கொள்வது நோயாளியைச் சுற்றி எழுப்பும் மதிலாகும். வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் மலத்தில் அவ்வைரஸ் சில வாரங்கள் வெளியேறும். ஆதலால் அத்தகைய குழந்தை உள்ள வீட்டார் மருத்துவரிடம் முன்னரே கூறி அறிவுரை பெற வேண்டும். நோயாளிக்கும் ஆறு திங்கள் தொடங்கித் தடுப்பூசிகள் புதிதாகப் பிறந்த குழந்தைக்குப் போல மீண்டும் இடப்படுகின்றன. தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் மட்டும் குறைந்தது இரண்டாண்டுகள் கழித்து, மருத்துவர் தக்கதெனக் கண்ட பின்னரே இடத்தக்கவை.

நான்காவது, இளைஞராகிய மாணவர்கள் செய்யத்தக்க பணி. உடன்பிறந்தாருள் பொருத்தமான கொடையாளர் கிடைக்காத நோயாளர் பலர். அவர்கள் பொருட்டுத் தன்னார்வக் கொடையாளரைப் பதிவு செய்யும் நிறுவனங்கள் நம் நாட்டிலும் உள்ளன. சென்னையில் 2009 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தாத்ரி அவற்றுள் ஒன்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்துத் தருவதே பதிவு. அழைப்பு வரும்போது தருவது, சில நாள்களுக்கு ஊசிமருந்து போட்டுக்கொண்ட பின் இரத்த நாளத்தின் வழியாகப் பெறப்படும் குருத்தணு. அது கொடுத்தவரின் உடம்பில் மீண்டும் ஊறிவிடும். அதனோடு, வைரஸை எதிர்த்துப் பழகிய நம் உடம்பின் நினைவும் மற்றோர் உயிருக்குக் கொடையாகச் செல்கிறது.

முடிவுரை

1957 ஆம் ஆண்டின் ஆறு நோயாளரும் நூறு நாளைக் கடக்கவில்லை. இன்று அந்நூறு நாளைக் கடந்து, பள்ளிக்கும் பணிக்கும் திரும்பி, மணம் புரிந்து மக்களைப் பெற்று வாழ்வோர் உலகெங்கும் உள்ளனர். இம்மாற்றத்தைத் தந்தவை புதிய மருந்துகள் மட்டுமல்ல. பகை எழுமுன்னரே அதனைத் தேடும் விழிப்புணர்வும் ஆகும். அவ்விழிப்புணர்வு மருத்துவரிடம் பாதியும், நோயாளியின் குடும்பத்தாரிடமும் நம்மிடமும் மீதிப் பாதியும் இருக்கிறது. நம் தெருவில், நம் உறவில், நம் கல்லூரியில் இச்சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவர் இருப்பாராயின், அவருடைய அடுத்த இரத்தச் சோதனை எந்நாள் என்று கேட்டறிந்து, அந்நாளில் அவர் தவறாது மருத்துவமனைக்குச் செல்ல உடன் நிற்போமாக.